நியோகோலோ-கோபா காலியான காடு அல்ல
"செனகலில் சிங்கம் அழிந்துவிட்டது, நியோகோலோ-கோபா இன்னும் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில்தான் கிடக்கிறது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் இந்தத் தேசியப் பூங்காவை, ஆபத்தில் உள்ள உலக பாரம்பரிய இடங்களின் அந்தப் பட்டியலில் 2007-இல் சேர்த்தது உண்மை. ஆனால் 2024 ஜூலையில், நம் புது டெல்லியில் நடந்த உலக பாரம்பரியக் குழுக் கூட்டத்தில், அதிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

சிங்கங்கள் 2011 வாக்கில் இருபதைக்கூடத் தொடவில்லை. அப்புறம் ரோந்தை இறுக்கியதும் எண்ணிக்கை ஏறியது. தாய்ச் சிங்கம் குட்டிகளோடு தானியங்கிக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. இவை மரபுவழியில் தென்னாப்பிரிக்கச் சிங்கங்களைவிட நம் கிர் சிங்கத்துக்குத்தான் நெருக்கம். 2017-இல் இரண்டையும் ஒரே துணையினத்தில் வைத்தார்கள்.

டெர்பி ஈலாண்டையும் விட்டுவிடாதீர்கள். செம்பழுப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், கழுத்தில் தொங்கும் தோல்மடிப்பு, முறுக்கிய கொம்பு என்று அவ்வளவு கம்பீரமான மான். அதன் மேற்கு ஆப்பிரிக்கத் துணையினம் காட்டில் மிஞ்சியிருப்பது செனகலில்தான், அதுவும் முக்கியமாக இந்தப் பூங்காவில்.

யானை ஏறக்குறைய இல்லாமல் போனதும், வேட்டையும் தங்கச் சுரங்கமும் இன்னும் அச்சுறுத்துவதும் சரிதான். அதற்காக, இருக்கிற உயிர்களை இல்லை என்று எழுதினால் அவற்றைக் காப்பாற்ற யார் முன்வருவார்கள்? தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.