24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் விதி கிடையாது

காணாமல்போன பிள்ளையைப் பற்றிய திகில் நாவல் ஒன்றைப் படித்த தம்பி, "பிள்ளையைக் காணோம்னா 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் புகார் வாங்கும்" என்று தன் பதிவில் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள்.

தம்பி, கதையில் அப்படி வரலாம். நம் நாட்டில் அப்படியொரு விதி இல்லை. 18 வயதுக்குட்பட்ட யாரைக் காணவில்லை என்று புகார் வந்தாலும் முதல் தகவல் அறிக்கை பதிந்து உடனே விசாரணையைத் தொடங்க வேண்டும், கடத்தல் என்றே முதலில் கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 10.05.2013 அன்று உத்தரவிட்டது. நீதிமன்ற இணையதளத்தில் 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' என்ற குழந்தை உரிமை அமைப்பின் வழக்கு, ரிட் மனு (சிவில்) 75/2012 என்று தேடினால் தீர்ப்பை நீங்களே படிக்கலாம். ஆங்கிலம் சிரமமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், கட்டணமில்லை.

நான் ராமேஸ்வரத்துக்காரன். ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் எள் போட்டால் எள் விழாது. ஏர்வாடி சந்தனக்கூட்டிலும் அதே கூட்டம்தான். அங்கே பிள்ளையின் கை நழுவிய தாய், உங்கள் வரியை நம்பி மறுநாள் வரை காத்திருந்தால் பஸ்ஸும் ரயிலும் எத்தனை கிளம்பிப் போயிருக்கும்? அந்த வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.