ஹெட்செட்டுக்கு மட்டும் காசு கேக்காதீங்க

போன மாசம் சென்னை தண்டையார்பேட்டைல எங்க புள்ள படிக்கிற ஸ்கூல்ல, இங்கிலீஷ் பேசி பழகுறதுக்கு விஆர் டெமோ காட்டுனாங்க, அதாவது கண்ணுல ஹெட்செட்ட மாட்டுனா வேற எடத்துக்குள்ளயே நிக்கிற மாதிரி தெரியும். எஸ்எம்சி, அதான் ஸ்கூல் மேலாண்மை குழு, அதுல மெம்பர்ன்றதால நானும் போயிருந்தேன். எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு, இங்கிலீஷ்ல பேர் கேட்டாலே தலைய குனிஞ்சிக்கும், அது ஹெட்செட்ட மாட்டிக்கினு உள்ள தெரியுற ஹோட்டல்காரர்கிட்ட "ஒன் டீ ப்ளீஸ்"னு சத்தமா கேட்டுச்சி, கேட்டுட்டு டம்ளர வாங்க கையையும் நீட்டிச்சி. எனக்கு கண்ணு கலங்கிடுச்சி. டிகிரி முடிச்சிட்டு இன்டர்வியூல வாய் தொறக்க முடியாம திரும்பி வந்த பசங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

அதனால இது வேணுமான்னு நான் கேக்கவே மாட்டேன், வேணும். காசுக்கு தான் வழி பாக்கணும். மீட்டிங்ல ஒரு அண்ணன் எம்பி ஃபண்ட்ல கேக்கலாம்னாரு. வருஷத்துக்கு 5 கோடி வருது, உண்மை தான், ஆனா அது நிலைச்சி நிக்கிற சொத்துக்கு தான், மாசா மாசம் ஆகுற செலவுக்கு கிடையாது.

விஆர்ல செலவே அந்த மாசா மாசம் தான்ங்க. ஆறு ஹெட்செட் வாங்குறோம்னு வைங்க, கிளாஸ்ல 36 பசங்க, 40 நிமிஷ பீரியட்ல ஒரு ஹெட்செட் ஆறு தலைக்கு மாறும், ஆளுக்கு ஆறு நிமிஷம், அதுலயும் மாட்டி கழட்டுற நேரம் போயிடும். ரெண்டு மணி நேரத்துல சார்ஜ் எறங்கிடும். நம்ம பசங்க தலைல தேங்காண்ண, வெயில் கால வேர்வை, ஹெட்செட்ல மொகத்துல படுற ஸ்பாஞ்ச் ஒரே வாரத்துல பிசுபிசுன்னு ஆயிடும், அத தொடைக்க மாத்த ஒரு ஆள் வேணும், பாடம் நடத்துற டீச்சரே அதையும் பாக்க முடியாது. சாஃப்ட்வேரும் நிரந்தரம் இல்ல, விஆர்ல ஊர் சுத்தி காட்டுற கூகுளோட எக்ஸ்பெடிஷன்ஸ் ஆப் ஸ்கூல்களுக்கு ஃப்ரீயா இருந்துச்சி, 2021ல மூடிட்டாங்க. எங்க ஸ்கூல்ல ஏற்கெனவே ஒரு கம்பெனி குடுத்த டேப்லெட்டுங்க பீரோல தூங்குது, ஒன்னோட சார்ஜர் போச்சி, ஒன்னோட பாஸ்வேர்ட் ட்ரான்ஸ்ஃபர் ஆன சாரோடவே போயிடுச்சி.

நான் சொல்றது சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்க லாபத்துல சமூகத்துக்கு செலவு பண்ற காசு. 2013 கம்பெனி சட்டம் 135வது பிரிவு, 5 கோடி லாபம் பாக்குற கம்பெனி மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணியே ஆகணும், படிப்பும் அந்த லிஸ்ட்ல இருக்கு. தான் இருக்குற ஏரியாவுக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் அதுலயே எழுதிருக்கு. பெரிய கம்பெனிங்க இருக்குற மணலியும் எண்ணூரும் நமக்கு எவ்ளோ தூரம்? அந்த பொகைய சுவாசிக்கிறது நம்ம புள்ளைங்க தானே, அப்ப கேக்குறதுல என்ன கூச்சம்?

ஆனா கேக்குறத சரியா கேக்கணும். சிஎஸ்ஆர் ரூல்ஸ்ல ஆன்கோயிங் ப்ராஜெக்ட்னு ஒன்னு இருக்கு, ஆரம்பிச்ச வருஷம் போக இன்னும் மூணு வருஷம் வரைக்கும் போகலாம். லெட்டர்லயே ஹெட்செட்டோட சேத்து ரிப்பேர், லைசன்ஸ், நெட், பாத்துக்குற ஆளுக்கு சம்பளம், டீச்சர் ட்ரெயினிங் எல்லாத்தையும் மூணு வருஷத்துக்கு போடணும். அப்டி தர மாட்டோம், போட்டோ எடுத்துக்குனு பொருள மட்டும் குடுக்குறோம்னா, வேணாங்க, பீரோல எடம் இல்லன்னு சொல்லிடுவோம்.

அடுத்த எஸ்எம்சி மீட்டிங்ல தீர்மானம் போட கேக்கப் போறேன். மார்ச் 31க்குள்ள கணக்கு முடிக்கணும்னு கம்பெனிங்க ஓடுற நேரத்துல போனா பொருள தான் தூக்கி குடுப்பாங்க, அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடணும். மணலி, எண்ணூர் பக்கம் சிஎஸ்ஆர் வேல பாக்குறவங்க யாராவது இத படிச்சா இன்பாக்ஸ்ல வாங்க, லெட்டர நான் எழுதி வச்சிருக்கேன், ஒரு தடவ பாத்து திருத்தி குடுத்தா போதும்.