முள் சீத்தா இலை கீமோதெரபிக்கு மாற்று அல்ல

'முள் சீத்தா கஷாயம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது.' எங்கள் வேளச்சேரி அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் இது மூன்று முறை வந்துவிட்டது.

அந்த எண் கற்பனை இல்லை. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மரத்தின் விதையிலிருந்து பிரித்த ஒரு வேதிப்பொருளை, குடல் புற்றுநோய் செல்கள்மீது அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தோடு ஒப்பிட்டு அதைச் சொன்னது. ஆய்வகச் செல்கள் வேறு, மனித உடல் வேறு. மனிதர்களில் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நம்பகமான சான்று இல்லை. 'எதிர்ப்புச் சக்தி கூடும்' என்பதும் அப்படித்தான்.

இயற்கைதானே, சும்மா குடித்துப் பார்க்கலாமா? வேண்டாம். இதிலுள்ள அனோனாசின் என்ற வேதிப்பொருள் நரம்பு செல்களைப் பாதிக்கும். கரீபியன் பகுதியிலுள்ள குவாதலூப் தீவில் இதை அதிகம் உட்கொண்டவர்களிடம் பார்கின்சன் (நடுக்குவாதம்) போன்ற நோய் காணப்பட்டதை 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. பழத்தை எப்போதாவது சாப்பிடுவது வேறு விஷயம்.

பிரிட்டனின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான கேன்சர் ரிசர்ச் யூகேயின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் சிகிச்சை பெறுபவர்கள் தங்கள் மருத்துவரிடமே கேட்கலாம். தயவுசெய்து இனி இதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.