மாணவர் அணிவதையே நானும் அணிவேன்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் புகைப்படத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள்கள் பொறுத்திருந்தேன். அதில் படகின் விளிம்பில் உட்கார்ந்திருப்பவன், ஸ்கூபா முக்குளிப்பு கற்பிக்கும் நான்தான். காற்றை நிரப்பி மிதக்க உதவும் வெளிறிப்போன நீல ஜாக்கெட், நீரில் அமிழ்வதற்காக இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட், வலது விலாவோரம் செருகிய மஞ்சள் ஆக்டோபஸ் (துணைவருக்குக் கொடுப்பதற்கான மாற்று ரெகுலேட்டர்), எல்லாமே பயிற்சி நிலையத்தின் வாடகைப் பொருள்கள். அவை ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு வட்டம் போட்டு, இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவரே இப்படி இறங்கினால் மாணவர்கள் என்ன கற்பார்கள் என்று கேட்டிருக்கிறார் ஒரு தம்பி. அவர் தம் முதல் ரெகுலேட்டரை, அதாவது நீருக்கடியில் வாயில் வைத்துச் சுவாசிக்கும் கருவியை, காற்றுச் சிலிண்டரில் பொருத்தியது என் கண் முன்னால், புதுச்சேரியில். அதற்குக் கீழே சிரித்துவிட்டுப் போனவர்களில் பலரையும் எனக்குத் தெரியும். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். தொடக்க நிலை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர், அந்த மாணவர் அணிந்திருக்கும் அதே அமைப்பைத்தான் தானும் அணிய வேண்டும். என்னிடமும் முதுகில் மாட்டும் எஃகுத் தகடான பேக்பிளேட் இருக்கிறது, அதோடு சேரும் காற்றுப் பையான விங் இருக்கிறது, வாயில் வைக்கும் ரெகுலேட்டருக்கு 2.1 மீட்டர் நீளக் குழாயான லாங் ஹோஸ் இருக்கிறது, கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரும் இருக்கிறது. எனக்காக நான் இறங்கும்போது அவற்றைத்தான் அணிகிறேன். அவற்றின் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வகுப்பு நாளில் அவை வீட்டில்தான் இருக்கும்.

இந்தப் பழக்கம் எனக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. ஆசிரியரான இரண்டாம் ஆண்டு, நானும் இந்தத் தம்பியைப் போலத்தான் இருந்தேன். புதிதாக வாங்கிய விங், லாங் ஹோஸ் அமைப்பைக் கழற்ற மனம் வராமல் அதோடே பயிற்சிக் குளத்தில் வகுப்பெடுத்தேன். மூன்று மீட்டர் ஆழம். காற்று தீர்ந்துவிட்டது என்று சைகை காட்டி, துணைவரின் மாற்று ரெகுலேட்டரை எடுத்துச் சுவாசிக்கும் பயிற்சி. மாணவி வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்பதை நெருங்கியவர், தண்ணீர் பயத்தைத் தாண்டுவதற்காகவே வந்தவர். கழுத்தருகே கையை வெட்டுவதுபோல அசைத்துக் காட்டினார், தன் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்தார், என் வலது விலாவுக்குக் கையை நீட்டினார். அங்கேதான் மஞ்சள் நிறத்தில் ஒன்று இருக்கும் என்று காலையில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். அவருடைய ஜாக்கெட்டிலும் அது அங்கேதான் இருந்தது. என்னிடத்தில் அங்கே ஒன்றும் இல்லை. அவருடைய விரல்கள் என் பட்டையின் மேல் மேலும் கீழுமாகத் தடவியதை இன்றும் என்னால் உணர முடிகிறது. என் வாயில் இருந்ததை எடுத்து நான் நீட்டினேன். முகத்தை நோக்கி ஏதோ வருகிறது என்று அவர் பின்வாங்கினார், தண்ணீரைக் குடித்தார், மேலே பாய்ந்துவிட்டார். ஆழம் குறைவு, உடலுக்கு எந்தக் கேடும் வரவில்லை. ஆனால் மறுநாள் அவர் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. அவர் பயத்தைப் போக்க வந்தார்; நான் அதைக் கூட்டி அனுப்பினேன்.

இதற்கு என்ன மறுமொழி வரும் என்று எனக்குத் தெரியும். பதற்றத்தில் இருப்பவர் விலாவில் தேடமாட்டார், எதிரில் இருப்பவரின் வாயில் இருப்பதைத்தான் பறிப்பார், ஆகவே வாயில் இருப்பதைக் கொடுக்கும் லாங் ஹோஸ் முறையே பாதுகாப்பானது என்பீர்கள். இதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில், இருவர் பக்கத்தில் பக்கத்தில் நீந்த இடமில்லாத இடுக்குகளில், ஒருவர் பின் ஒருவராகக் காற்றைப் பகிர்ந்துகொண்டு வெளியேறுவதற்காக உருவான முறை அது. அங்கிருந்து திறந்த கடலுக்கு வந்தது. ஜியூஇ (GUE) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பு தொடக்க வகுப்பிலேயே லாங் ஹோஸை வைத்துத்தான் கற்பிக்கிறது. ஆனால் அங்கே மாணவரும் அதையே அணிகிறார், ஆசிரியரும் அதையே அணிகிறார். என் கட்சியும் அதுதானே? நம் நிலையங்களில் மாணவர் எல்லாருக்கும் பேக்பிளேட்டும் லாங் ஹோஸும் வாங்கித் தாருங்கள், அடுத்த வகுப்பிலேயே நானும் அதை அணிந்து நிற்கிறேன். மாணவருக்கு வாடகை ஜாக்கெட்டை மாட்டிவிட்டு ஆசிரியர் மட்டும் குகை முக்குளிப்பாளரைப் போல நிற்பதைத்தான் தவறு என்கிறேன்.

இடுப்பு பெல்ட்டின் மேல் போட்ட வட்டத்துக்கு வருகிறேன். ஜாக்கெட்டிலேயே எடையைச் செருகும் பைகள் வந்துவிட்ட காலத்தில் பெல்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். என் மாணவர்கள் பெல்ட் கட்டுகிறார்கள், ஆகவே நானும் கட்டுகிறேன். கொக்கியை வலது கையால் ஒரே இழுப்பில் திறந்து, பெல்ட்டை உடலிலிருந்து தள்ளிப் பிடித்து நழுவவிடுவதை நான் செய்து காட்ட வேண்டும் என்றால் என் இடுப்பில் பெல்ட் இருக்க வேண்டும். எடைதான் இந்தப் படிப்பின் பாதி. வழக்கமான 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் நிரம்பியிருக்கும்போது அதனுள் சுமார் 2.7 கிலோ காற்று இருக்கிறது. சுவாசிக்கச் சுவாசிக்க அந்த எடை குறைந்து, கடைசியில் சிலிண்டரே மேலே மிதக்கப் பார்க்கிறது. குளத்தில் சரியாக இருந்த ஈயம் கடலில் போதாது. உடலும் கருவியும் சேர்ந்து 90 கிலோ வருபவருக்கு உப்புநீரில் சுமார் 2 கிலோ கூடுதலாக வேண்டும். இதை எல்லாம் ஒவ்வொரு கட்டியாகக் கோத்தும் கழற்றியும் கண்ணால் பார்க்கும்போதுதான் மாணவருக்குப் பிடிபடுகிறது. என் எஃகுத் தகடு மட்டுமே ஏறத்தாழ 3 கிலோ. அது என் முதுகில் மறைந்திருந்தால், என் இடுப்பில் ஈயம் இல்லாததைப் பார்க்கும் மாணவர் தனக்கும் வேண்டாம் என்று நினைக்கமாட்டாரா? மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லோடு இறங்கி, தரை தொட்டதும் கல்லை விட்டுவிட்டார்கள். மேலிருப்பவர் அதைக் கயிற்றில் இழுத்துக்கொண்டார். எடையை எப்போது விட வேண்டும் என்பது நம் கடலுக்குப் புதிய பாடம் இல்லை.

ஆசிரியர் எதை அணிந்தாலும் மாணவருக்கு வாயால் விளக்கினால் போதாதா என்று ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருந்தார். நீருக்கடியில் வாய் இல்லை, ஐயா. அங்கே மாணவர் என் கையைப் பார்க்கிறார், என் கை எங்கே போகிறது என்பதைப் பார்க்கிறார், அதையே தன் உடலில் தேடுகிறார். ஜாக்கெட்டிலிருந்து காற்றை வெளியேற்ற இழுக்கும் என் கயிறு ஓரிடத்திலும் அவருடையது வேறோரிடத்திலும் இருந்தால் அவர் தேடுவது வீண். வங்காள விரிகுடா கலங்கியிருக்கும் நாளில் கண்ணுக்கு எட்டும் தொலைவு இரண்டு மூன்று மீட்டராகக் குறைந்துவிடும். அப்போது அவருக்குத் தெரிவது என் நெஞ்சுப் பகுதி மட்டும்தான்.

உண்மையில் வட்டம் போட வேண்டிய குறை அந்தப் புகைப்படத்திலேயே இருக்கிறது, அதை யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் ஜாக்கெட்டைப் பாருங்கள். அவர் ஐந்தடியைத் தொடாதவர். அணிந்திருப்பது நடுத்தர அளவு, ஏனெனில் அதற்குச் சிறியது அன்று நிலையத்தில் இல்லை. நீர்ப்பரப்பில் காற்றை நிரப்பியதும் அது தோளை விட்டு எழும்பிக் காதுவரை ஏறி, தாடையை மேலே தள்ளிவிட்டது. பட்டையை இறுக்க இறுக்க அது இன்னும் மேலே போனது. அவர் கண்ணில் வானம் மட்டும்தான் தெரிந்தது. கையால் துழாவி என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அவரோடு படகுக்குத் திரும்பி, உடன் வந்த பையனின் சிறிய ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குக் கொடுத்தேன். அதற்காகத்தான் படகின் விளிம்பில் அப்படி உட்கார்ந்திருந்தேன். மிகச் சிறிய அளவில் இரண்டு ஜாக்கெட் வாங்குங்கள் என்று எத்தனை முறை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு இல்லாத பணம், ஆசிரியர்கள் படத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்றால் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

தொழில்முறைத் தோற்றம் இல்லை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். வாடகைப் பொருளோடு வருபவர்தான் நம் மாணவர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பயிற்சிக் கட்டணம் கட்டியவர், மீனவக் குடும்பத்திலிருந்து வந்து அப்பாவின் கடலை உள்ளிருந்து பார்க்க ஆசைப்படும் பெண், இவர்களால் பேக்பிளேட் வாங்க முடியாது. பளபளப்பான ஆசிரியரைப் பார்த்ததும் அவர்கள் மனத்தில் முதலில் எழுவது, இது நமக்கானது இல்லை என்ற எண்ணம்தான். அந்த எண்ணத்தோடு திரும்பிப் போனவர்களை நான் அறிவேன். என்னைக் கேலி செய்யுங்கள், தாங்கிக்கொள்வேன். நான் அணிந்திருந்த அதே ஜாக்கெட்டைத்தானே அன்று நான்கு மாணவர்களும் அணிந்திருந்தார்கள்? அந்தச் சிரிப்பு அவர்கள் மேலும் விழுந்தது என்பது ஏன் ஒருவருக்கும் உறைக்கவில்லை? அவர்களில் ஒருவர் அந்தப் பதிவைப் படித்துவிட்டு, சார், எங்கள் பொருள்கள் பாதுகாப்பில்லாதவையா என்று நள்ளிரவில் எனக்குச் செய்தி அனுப்பினார். தம்பி, அதற்கு நீங்கள்தான் பதில் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதினேன், ஒரு மணி நேரம்.

மாணவர் அணிவதைத்தான் அணிகிறேன் என்பதால் என் பாதுகாப்பைக் குறைத்துக்கொண்டேன் என்று பொருள் இல்லை. நீர்ப்பரப்பில் நம் இடத்தைக் காட்டும் மிதவைக் குழாய், கத்தி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் இரண்டாவது கம்ப்யூட்டர் எல்லாம் என்னிடம் இருக்கும். பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் விதிப்படி கடலில் ஓர் ஆசிரியர் எட்டுத் தொடக்க மாணவர்கள் வரை அழைத்துப் போகலாம்; நான் நான்கு பேரோடு நிறுத்திக்கொள்கிறேன். இதற்கும் ஒரு வட்டம் போட்டிருக்கலாம்.

வரும் சனிக்கிழமை காலை ஆறரைக்கு அடுத்த அணி குளத்துக்கு வருகிறது. ஐந்தடியைத் தொடாத அந்தப் பெண்ணும் விட்ட பயிற்சியை முடிக்க வருகிறார். வேறொரு நிலையத்து நண்பரிடம் கேட்டு, மிகச் சிறிய அளவு ஜாக்கெட் ஒன்றை நேற்று வாங்கி வந்துவிட்டேன்; அதில் காற்றை நிரப்பும் இன்ஃப்ளேட்டர் பொத்தான் உப்பேறி இறுகியிருந்தது, வெந்நீரில் ஊறவைத்திருக்கிறேன். என்னுடையது அதே நீல ஜாக்கெட்தான்.