காற்றாலைக் கரண்டின் முழுக்கணக்கு

தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெருமைதான். ஆனால் மெகாவாட் வேறு, யூனிட் வேறு. மெகாவாட் இயந்திரத்தின் திறன், யூனிட் அது உண்மையில் தரும் கரண்டின் அளவு. 2 மெகாவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க முழுத்திறனில் ஓடினால் 1.75 கோடி யூனிட் வரவேண்டும். காற்று எப்போதும் ஒரே வேகத்தில் வீசாது என்பதால் கால்வாசி என்று வைத்தால் சுமார் 44 லட்சம்தான். காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால், காற்றிலிருக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது.

அந்த 44 லட்சத்திலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வருவது. நமக்குக் கரண்டு அதிகம் தேவைப்படுவதோ கோடையில். 2024 மே 2 அன்று மாநிலத் தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. காற்று சீசன் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஆடியில் காற்று கொட்டும்போது அனல்மின் நிலையங்களின் உற்பத்தியை இறக்க வேண்டும். ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. முழுக்க நிறுத்தினால் மறுபடி எண்ணெய் ஊற்றிச் சூடேற்றி எடுக்கப் பல மணி நேரம். அதனால் சில நேரம் காற்றாலையையே நிறுத்தச் சொல்கிறார்கள். உரிமையாளருக்கு வங்கித் தவணை மட்டும் நிற்காது.

'பேங்கிங்' இன்னொரு சிக்கல். ஆடியில் மலிவாகக் கிடக்கும் யூனிட்டை சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் ஆலைக்காரர் மின்வாரியத்தில் வரவு வைத்துவிட்டு, காற்றில்லாத மாதத்தில் திரும்ப எடுக்கிறார். அந்த மாதத்தில் வாரியம் சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கிக் கொடுக்கிறது. இதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் விலை வித்தியாசம் முழுவதையும் அது ஈடுகட்டாது என்பது என் கருத்து.

அடுத்து கியர்பாக்ஸ். பெரிய இயந்திரத்தின் இறக்கை நிமிடத்துக்கு 15, 20 சுற்று. ஜெனரேட்டருக்குச் சுமார் 1,500 சுற்று வேண்டும். இடையில் நிற்கும் பல்சக்கரமும் பேரிங்கும்தான் குத்துக்காற்றின் அடியை வாங்குகின்றன. பேரிங் உதிர்ந்தால் இரும்புத்தூள் ஆயிலில் கலந்து மற்றப் பற்களையும் அரிக்கும். ஆயில் சாம்பிளில் இரும்பு ஏறுவதை ஆரம்பத்திலேயே பார்த்தால் செலவு பேரிங்கோடு போகும். விட்டால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதற்குப் பெரிய கிரேன் வேண்டும், கரிசல் நிலம் ஈரமாக இருந்தால் கிரேன் உள்ளே போகாது. இந்த வேலையை ஏப்ரலுக்குள் முடிக்காமல் ஜூனில் உடைந்தால் அந்த ஆண்டு வருமானமே போச்சு.

நல்ல காற்று வீசும் முப்பந்தல் பகுதியில் இன்னும் 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. இவற்றின் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் காந்தப்புலத்துக்கான ரியாக்டிவ் பவரை லைனிலிருந்தே உறிஞ்சும். அதை ஈடுகட்டும் கெபாசிட்டர் பழுதானால் வோல்டேஜ் இறங்கும், ரியாக்டிவ் பவருக்கான கட்டணமும் ஏறும். கழற்றிவிட்டுப் பெரியது நிறுவலாமென்றால், ஒரு புதிய இயந்திரத்துக்குத் தேவையான இடைவெளிக்குள் பல பேருடைய இயந்திரங்கள் இருக்கும். யார் விட்டுக்கொடுப்பார்?

காற்றாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிஞ்சும் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மறுபடி கரண்டு எடுக்கும் நீரேற்று நிலையம் கடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கான பணி நடந்தது. 10,000 மெகாவாட் காற்றுக்கு இவ்வளவு சேமிப்பு எந்த மூலைக்கு? புதிய காற்றாலைக்கு அனுமதி தரும் ஒவ்வொரு கோப்பிலும், அதன் கரண்டை எங்கே சேமிப்பது, எந்த லைனில் கொண்டுபோவது, அதற்கான பணம் யாருடையது என்ற மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.