அழித்துவிட்ட அந்தப் பதில்

சனிக்கிழமை ராத்திரி நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், ஸ்க்ரீன்ஷாட் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நாலு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான ஒரு இணையக் குழுவில் ஒரு அம்மா கேட்டிருந்தார். ஆறு வயது மகள், குக்கர் விசில் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்கிறாள், என்ன செய்வது? ஆளாளுக்குத் தெரபிஸ்ட் நம்பர் கொடுத்தார்கள். நானும் ஆட்டிஸ்டிக்தான், அதாவது ஆட்டிசம் உள்ளவள்தான், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லி ஒரு பதில் எழுதினேன். அட்மின் அதை அழித்தார். "இது பெற்றோருக்கான குழு. நீங்கள் எங்கள் பிள்ளைகள் மாதிரி இல்லை" என்று சொல்லி என்னையும் நீக்கிவிட்டார்.

ஆட்டிசத்துக்கான குழுவில் ஆட்டிசம் உள்ளவளுக்கு இடமில்லை. திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேரும் நண்பர்களும் 1992இல் ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்று தங்களுக்கென ஒரு அமைப்பை ஆரம்பித்ததும் இப்படி இடமில்லாமல் போனதால்தான். 1996இலிருந்து ஆட்ரீட் என்று ஆட்டிஸ்டிக் மனிதர்களே முகாம் நடத்தினார்கள். அங்கே சட்டையில் மாட்டிக்கொள்ள வண்ண அட்டை உண்டு. சிவப்பு என்றால் என்னிடம் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும். பச்சை என்றால், பேச ஆசைதான், ஆரம்பிக்கத்தான் வரவில்லை, நீங்களே வந்து பேசுங்கள்.

அந்தப் பச்சை அட்டையைப் பற்றிப் படித்த அன்று அழுதுவிட்டேன். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தி முடியும்வரை தூணோரம் நின்றவள் நான். திமிர் பிடித்தவள் என்று பெயர். எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது வயது 31. டாக்டர் பத்து நிமிஷம் பேசினார். மிச்சத்தையெல்லாம் சொல்லிக்கொடுத்தது, ராத்திரி இரண்டு மணிக்கு எங்கெங்கோ இருந்து இணையத்தில் எழுதிய, முகம் தெரியாத ஆட்டிஸ்டிக் மனிதர்கள். சட்டைக் கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டி எறியலாம் என்பதைக்கூட அவர்கள்தான் சொன்னார்கள்.

"நீ டைப் செய்கிறாய், என் பையன் பேசவே மாட்டான்" என்பீர்கள். சின்க்ளேர் 12 வயதுவரை பேசவில்லை. வாயால் பேசாத, ஆட்டிசம் உள்ள மெல் பாக்ஸ் 2007இல் யூடியூபில் ஒரு காணொளி போட்டார். முதலில் முனகல், ஆட்டம், குழாய்த் தண்ணீரில் அளையும் விரல்கள். அப்புறம் அவர் தட்டச்சு செய்ததைக் கணினி வாசிக்கிறது. தண்ணீரோடு நான் உறவாடுவதும் மொழிதான் என்கிறார். இவரையும் குழுவிலிருந்து நீக்கியிருப்பீர்களா?

"நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியுமா?" தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அம்மா பட்டதைப் பார்த்தவள் நான். யாராவது ஒருத்தர் அவளிடம் "பிள்ளை அடம்பிடிக்கவில்லை, அவளுக்கு வலிக்கிறது" என்று சொல்லியிருந்தால் என்னை அடித்திருக்க மாட்டாள். அடித்துவிட்டுத் தானும் அழுதிருக்க மாட்டாள்.

நியூயார்க்கில் 2007 டிசம்பரில் விழிப்புணர்வு என்ற பெயரில் விளம்பரம் வைத்தார்கள். உங்கள் மகன் எங்கள் பிடியில் இருக்கிறான் என்று, கடத்தல்காரன் கடிதம்போல, ஆட்டிசமே எழுதுவதாக! அப்போது கல்லூரி மாணவராக இருந்த, ஆட்டிசம் உள்ள ஆரி நேமானும், ஆட்டிஸ்டிக் மனிதர்களே நடத்தும் அவருடைய ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க் என்ற அமைப்பும் இணையத்தில் கையெழுத்துத் திரட்டினார்கள். அந்த மாதமே விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பெற்றோரும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆட்டிஸ்டிக் மனிதர்கள் எதிரிகளாகத் தெரியவில்லை.

இங்கே மதியிறுக்கம் என்று எங்களுக்கு ஒரு பெயர். யாரைக் கேட்டு வைத்தீர்கள்? என் மதியில் எதுவும் இறுகிக் கிடக்கவில்லை. இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில் தொண்டைதான் இறுகியிருக்கிறது.

அந்த அம்மா இதைப் படித்தால், அழித்துவிட்ட பதில் இதுதான். அடுப்பைப் பற்றவைக்கும்போதே பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள் அக்கா. எத்தனை விசில் என்றும் சொல்லுங்கள், அவளே விரல் விட்டு எண்ணட்டும். கதவு உள்ள அறை இருந்தால் அங்கே போய் உட்காரட்டும். கையைப் பிடித்துக் காதிலிருந்து இழுக்காதீர்கள்.