லிஸ்டிங்கில் போட்டிருக்கும் வரி உங்களுடையது அல்ல

கலிபோர்னியாவில் குடியிருந்துகொண்டு இண்டியானாபொலிஸ், மெம்ஃபிஸ், பர்மிங்ஹாம், க்ளீவ்லேண்ட் பக்கம் வாடகைக்கு விட வீடு வாங்குவது நம் ஆட்களிடம் இப்போது சாதாரணமாகிவிட்டது. காரணம் புரிகிறது. பே ஏரியாவில் டவுன் பேமென்டுக்குப் போகும் பணத்தில் அங்கே முழு வீடே வந்துவிடும். வேறு மாநிலத்தில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விற்கிற தரப்பு அனுப்பும் ஒரு பக்கக் கணக்கை வைத்துக்கொண்டு வாங்குவதில்தான் ஆட்சேபணை. அந்தத் தாளில் இருக்கும் எண்கள் பழைய உரிமையாளருடையவை, அல்லது விற்றால் கமிஷன் பார்க்கிறவருடையவை.

முதலில் பிராப்பர்ட்டி டாக்ஸ். பலருக்கும் அடி அங்கேதான் விழுகிறது. லிஸ்டிங்கில், அதாவது விற்பனை விளம்பரத்தில், இருக்கும் வரி பெரும்பாலும் அந்த வீட்டில் குடியிருந்தவர் ஹோம்ஸ்டெட் சலுகையோடு (சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான வரிச் சலுகை) கட்டியது. வாடகைக்கு விடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இண்டியானாவில் குடியிருப்பவர் வீட்டுக்கு வரியின் உச்சவரம்பு மதிப்பில் 1%, வாடகை வீட்டுக்கு 2%. பள்ளிக்காக வாக்கெடுப்பு நடத்தி ஏற்றிய வரி இருந்தால் அது இந்த வரம்புக்கு வெளியே, தனி. அலபாமாவில் குடியிருப்பவர் வீட்டை மதிப்பில் 10% என்று எடுத்து வரி போடுவார்கள், வாடகை வீட்டை 20% என்று. அதே வீடு, அதே தெரு, வரி குறைந்தது இரண்டு மடங்கு. தென் கரோலினாவில் அது 4%, 6%. கூடவே பள்ளி நடைமுறைச் செலவுக்கான வரியில் குடியிருப்பவருக்கு இருந்த விலக்கும் போய்விடும். அதனால் ஏற்றம் ஒன்றரை மடங்கோடு நிற்காது. டென்னசியில் தனி வீடு 25%தான், ஆனால் டூப்ளெக்ஸ் (ஒரே கட்டடத்தில் இரண்டு வீடு) வாங்கி இரண்டு பக்கமும் வாடகைக்கு விட்டால் அது வணிகச் சொத்தாகி 40% ஆகிவிடும். மெம்ஃபிஸ் டூப்ளெக்ஸ் விளம்பரங்களில் இதைத் தேடிப் பாருங்கள், இருக்காது.

செய்யவேண்டியது சின்ன வேலை. கவுண்டி அசெஸர் (வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அலுவலகம்) தளத்தில் முகவரியைப் போட்டு, எந்தெந்தச் சலுகை ஓடுகிறது என்று பாருங்கள். சலுகை எதுவும் கழிக்காத மதிப்பை வாடகை வீட்டு விகிதத்தில் போட்டு வரியைக் கணக்கிடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த அலுவலகத்துக்கே போன் போட்டு, "உரிமையாளர் குடியிருக்காவிட்டால் பில் எவ்வளவு வரும்?" என்று கேட்கலாம். பொறுமையாகவே பதில் சொல்வார்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இண்டியானாபொலிஸில் 1,80,000 டாலர் வீடு, வாடகை 1,500. 25% டவுன், 1,35,000 கடன், 30 வருடம், வட்டி 7% என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 898. விற்கிறவர் தாளில் இதோடு வரி 130, இன்ஷூரன்ஸ் 80, மேனேஜ்மென்ட் 120 இருக்கும். மொத்தம் 1,228. மாதம் 272 டாலர் கையில் நிற்பதாகக் காட்டும். இப்போது உங்கள் கணக்கு: வரி 2% வீதம் 300, இன்ஷூரன்ஸ் 120, மேனேஜ்மென்ட் 9% என்றால் 135, வீடு காலியாக இருக்கும் காலத்துக்கு 105, சில்லறை ரிப்பேருக்கு 120, கூரை, ஏசி, வாட்டர் ஹீட்டர் மாதிரிப் பெரிய செலவுகளுக்கு 100. தவணையோடு சேர்த்தால் 1,778. மாதம் 278 டாலர் கைக்காசு போகிறது. வீடும் வாடகையும் மாறவே இல்லை, இரண்டு தாளுக்கும் நடுவே 550 டாலர்.

இது முதல் வருடம் தெரியாது என்பதுதான் சிக்கல். இண்டியானாவில் ஒரு வருடத்தின் வரியை அடுத்த வருடம்தான் கட்டுவார்கள், அதனால் பழைய சலுகை கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். கடன் கொடுத்தவரும் பழைய பில்லைப் பார்த்து எஸ்க்ரோவில் (தவணையோடு சேர்த்து வரிக்காக ஒதுக்கும் கணக்கில்) மாதம் 130 பிடித்துக்கொண்டிருப்பார். புது பில் 300 வீதம் வந்ததும், மாதம் 170 குறைவாகப் பிடித்த ஒரு வருடத்துக்கு 2,040 டாலர் துண்டு விழும். அதை 12 மாதத்தில் பிடிக்க மாதம் 170, இனிமேல் வரும் வரிக்காக இன்னொரு 170. ஒரே கடிதத்தில் தவணை 340 ஏறும். "ஃபிக்ஸட் ரேட்தானே எடுத்தேன், எப்படி ஏறியது?" என்ற கேள்விக்கு முக்கால்வாசி நேரம் இதுதான் பதில்.

இன்ஷூரன்ஸில் பிரீமியத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் காற்று, ஆலங்கட்டிக்குத் தனி டிடக்டிபிள் உண்டு, அதுவும் சதவீதத்தில். 2,50,000 காப்பீட்டில் 2% என்றால் முதல் 5,000 டாலர் உங்கள் பாடு. பழைய கூரைக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவோம் என்று பாலிசியில் இருந்தால், 15 வருடக் கூரைக்கு வரும் பணம் பாதி வேலைக்குக்கூட எட்டாமல் போகலாம். வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் சில சேதங்களுக்கு கவரேஜ் நிற்கும். டெனன்ட் காலி செய்துவிட்டுப் போன ஜனவரியில், ஒஹையோ குளிரில் பைப் உறைந்து வெடித்தால் பாலிசியின் அந்த ஒரு வாசகம்தான் பேசும்.

இன்ஸ்பெக்ஷனில் யார் என்ன சொன்னாலும் சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண இன்ஸ்பெக்ஷனில் இது வராது, தனியாகக் கேட்க வேண்டும். 1950-க்கு முந்தைய வீடுகளில் வீட்டிலிருந்து தெரு வரை பெரும்பாலும் சுட்டமண் குழாய்தான், இணைப்புகளில் மரவேர் புகுந்திருக்கும். சில நூறு டாலர் சோதனை பல ஆயிரத்தைக் காப்பாற்றும். ஃபெடரல் பசிபிக் மின்பெட்டி (தீ அபாயம் உள்ளதாகப் பேர் வாங்கிய பழைய பிராண்ட்) இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். டல்லாஸ் பக்கம் களிமண் தரை மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அங்கே அஸ்திவாரம்தான் முதல் கேள்வி. க்ளீவ்லேண்டில் 1978-க்கு முன் கட்டிய வாடகை வீடுகளுக்கு ஈயப் பெயின்ட் அபாயம் இல்லை என்ற சான்றிதழ் நகராட்சிக்குத் தேவை. அது இருக்கிறதா என்று ஆஃபர் போடும் முன்பே கேளுங்கள்.

பிராப்பர்ட்டி மேனேஜரிடம் எல்லோரும் 8%-ஆ 10%-ஆ என்று பேரம் பேசுகிறார்கள். பணம் போகும் வழி வேறு. புது டெனன்ட் பிடிக்க அரை மாதமா முழு மாத வாடகையா, ரிப்பேர் பில் மேல் எத்தனை சதவீதம் ஏற்றுகிறார்கள், உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம், ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம் என்ன, இவற்றைப் படியுங்கள். சதவீதம் வசூலான வாடகையின் மேல் இருக்க வேண்டும். ஒப்பந்த வாடகையின் மேல் இருந்தால் டெனன்ட் கட்டாத மாதத்துக்கும் நீங்கள் கொடுப்பீர்கள்.

ஏற்கெனவே டெனன்ட் இருக்கும் 'டர்ன்கீ' வீடு என்றால் லீஸைக் காட்டி முடித்துவிடப் பார்ப்பார்கள். லெட்ஜரைக் கேளுங்கள், எந்த மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று. கூடவே வாடகை, அட்வான்ஸ், பாக்கி எல்லாவற்றையும் டெனன்டே எழுதிக் கையெழுத்திட்ட எஸ்டாப்பல் கடிதமும் வேண்டும். லெட்ஜர் தர யோசிக்கிறவரிடம் வாங்க வேண்டியதில்லை.

வீட்டைத் தன் பெயரில் வைக்காமல் எல்எல்சி என்ற கம்பெனியின் பெயரில் வைக்கும் மோகம் பற்றிச் சுருக்கமாக. வயோமிங்கில் தொடங்கினாலும், கலிபோர்னியாவில் உட்கார்ந்து நீங்கள் நிர்வகித்தால் கலிபோர்னியாவுக்கு வருடம் 800 டாலர். வீடு இருக்கும் மாநிலத்திலும் பதிவு வேண்டியிருக்கும். உங்கள் பெயரில் சாதாரணக் கடன் எடுத்துவிட்டு வீட்டை எல்எல்சிக்கு மாற்றினால், முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லும் உரிமை வங்கிக்கு உண்டு. பயன்படுத்துவது அபூர்வம், ஆனால் உண்டு. ஒரு வீட்டுக்கு நல்ல அம்ப்ரெல்லா பாலிசி (யாராவது வழக்குப் போட்டால் கைகொடுக்கும் கூடுதல் காப்பீடு) போதும் என்பது என் கட்சி.

வருமான வரியில் நஷ்டத்தைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்பதும் கணவன் மனைவி இருவரும் ஐடி வேலையில் இருக்கும் குடும்பத்துக்குப் பொருந்தாது. வாடகை நஷ்டத்தில் 25,000 டாலர் வரை கழிக்கும் சலுகை, வருமானம் 1,00,000 தாண்டினால் குறைந்து 1,50,000-இல் பூஜ்யம். கட்டடத்துக்கு 27.5 வருடத் தேய்மானம் கழிக்கலாம், மிச்ச நஷ்டம் அடுத்தடுத்த வருடங்களுக்குத் தள்ளிப்போகும். விற்கும்போது அந்தத் தேய்மானத்துக்கு 25% வரை வரி திரும்பி வரும்.

க்ளோசிங் (பத்திரம் முடிக்கும்) சமயத்தில் பணம் அனுப்பும் கணக்கு எண் மாறிவிட்டது என்று ஈமெயில் வந்தால் அனுப்பாதீர்கள். மெயிலில் இருக்கும் நம்பரைக் கூப்பிடவும் வேண்டாம். பத்திரத்தை முடித்துத் தரும் டைட்டில் கம்பெனியின் நம்பரை நீங்களே தேடி எடுத்து, கணக்கு எண்ணை அவர்கள் வாயால் படிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகு வங்கிக்குப் போங்கள்.